சீசன்காரரின் ஓம்

தில்லைநாயகிக்கு வியாழக்கிழமைதான் சலவை நாள். பேர்ண் நகரில் அவள் குடியிருக்கும் கட்டடத்தில் ஒன்பது வீடுகளுக்கும் சேர்த்து நிலவறையில் ஒரேயொரு சலவை அறை. யார் எந்த நாளில் தோய்ப்பது என்று கதவில் அட்டவணை தொங்கும். முறையைத் தவறவிட்டவர் அடுத்த முறை வரும்வரை அழுக்கைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அயல் வீட்டுக்காரியிடம் போய்ப் பல்லைக் காட்டினாலும் காரியம் நடக்காது. அன்றைக்கும் அவள் காய்ந்த விரிப்புகளை மடித்துக் கூடையில் அடுக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தபோது, கணவர் சிவநேசன் தொலைபேசியைக் காதில் வைத்து, கால் இரண்டையும் சேர்த்து, நிமிர்ந்து நின்றார்.

"யா, யா. கைன் ப்ரொப்ளெம்," என்றார். ஒரு பிரச்சினையும் இல்லையாம். முழுப் பேச்சும் ஒரு நிமிடம் வந்திருக்காது. தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு, "ஒருக்கால் கீழை போட்டு வாறன்," என்று நிலவறைக்கு இறங்கினார். திரும்பி வரும்போது கையில் நீலச் சூட்கேஸ். இரண்டரை வருடமாகத் தூசி பிடித்துக் கிடந்ததை ஈரத் துணியால் துடைத்து, பல்கனியில் காய வைத்தார். காய என்றாலும் நவம்பர் மாதத்துப் பேர்ணில் எங்கே வெயில்? பத்து நாளாக மூடுபனி, எதிர்க் கட்டடத்துச் சன்னல்கூடத் தெரியாது.

தில்லைநாயகி ஒன்றும் கேட்கவில்லை. தானாகச் சொல்லட்டும் என்று மத்தியானச் சாப்பாடு வரைக்கும் அவருக்குத் தவணை கொடுத்தாள். குத்தரிசிச் சோறு, பருப்பு, லீக்ஸ் வதக்கல், நேற்றைய மீன்குழம்பு. நேற்றைய குழம்புதான் அவருக்கு விருப்பம். சோற்றைப் பிசைந்து இரண்டு வாய் வைத்த பிறகு, காலநிலை சொல்வதுபோலச் சொன்னார்.

"வாற வெள்ளி மேலை போறன். என்ரை பழைய ஹோட்டல்லை ஒரு ஆள் விழுந்து தோள்மூட்டை முறிச்சுப்போட்டானாம். ஈஸ்டர் முடிஞ்ச உடனை வந்திடுவன்."

"ஆரைக் கேட்டனீங்கள்?"

"நான் கேக்கேல்லை, அவையள்தான் போன் எடுத்துக் கேட்டவை."

பகிடிக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. தில்லைநாயகி கறிக்கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள்.

"என்னைக் கேட்டனீங்களோ எண்டு கேக்கிறன்."

அப்போதுதான் மனிதருக்கு உறைத்தது. வாய்க்குக் கொண்டுபோன சோறு பாதி வழியில் நின்றது. ஐந்து மாதம்தானே, கெதியாக ஓடிப்போய்விடும் என்று என்னவோ முணுமுணுத்தார். அவள் விடவில்லை.

"அப்ப நான் உங்களுக்கு ரண்டு சீசனுக்கு நடுவிலை நிண்டுபோற வீடோ?"

அவர் கையில் இருந்த சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

சிவநேசனைப் புரிந்துகொள்ள, அவர் 'மேலை' என்று சொன்ன எங்கடினைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். மலைக்கு மேலே, பனிச்சறுக்குக்காரர் வந்து குவிகிற பள்ளத்தாக்கு அது. டிசம்பரிலிருந்து ஈஸ்டர் வரை ஒரு சீசன், ஜூனிலிருந்து ஒக்டோபர் வரை இன்னொன்று. இடையில் ஹோட்டல்கள் கதவைச் சாத்திவிடும். வேலைக்காரர் எங்காவது போய்க் கிடக்க வேண்டும். எண்பத்தைந்தாம் ஆண்டில் அகதியாக வந்தவர் எண்பத்தேழில் அங்கே பாத்திரம் கழுவப் போனார். பிறகு மரக்கறி வெட்டினார், பிறகு சூப்புக்கும் சலாட்டுக்கும் பொறுப்பானார். முப்பத்துநான்கு வருடம். சீசனுக்கு முன்னால் தொலைபேசி வரும். அந்த அழைப்புக்கு உடனே ஓம், சரி என்று சொல்ல வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றால் ஹோட்டல்காரன் அடுத்த பெயருக்குப் போய்விடுவான். அங்கே வேலை போனால் படுக்கிற அறையும் போகும். ஆகவே சிவநேசனுடைய நாக்கு கேள்வி முடிய முன்னமே ஓம் சொல்லப் பழகியிருந்தது. தங்கச்சிமார் மூன்று பேரைக் கரை சேர்த்தார், ஊரில் தாயைக் கடைசிவரை பார்த்தார். தனக்கென்று ஒருத்தியைத் தேட இரண்டு சீசனுக்கு இடையில் நேரம் வரவில்லை. இப்படிச் சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அதுதான் உண்மை.

தில்லைநாயகியின் கதை வேறு. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சமையற்கட்டில் முப்பத்தொரு வருடம் வேலை. நோயாளருக்குப் போகும் தட்டங்கள் ஓடுகிற பெல்ட்டில் வரிசையாக வரும். இரண்டு பக்கமும் பெண்கள் நின்று, தட்டத்தில் இருக்கும் சீட்டைப் பார்த்து, ஒருத்தி சூப்பை வைப்பாள், ஒருத்தி பாண் துண்டை வைப்பாள். தில்லைநாயகி கடைசியில் நிற்பாள். உப்பில்லாதவருக்கு உப்புச் சாப்பாடு போகாமல் பார்ப்பது அவள் பொறுப்பு. பிழையைக் கண்டால் அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். பிறகு சொல்லலாம் என்றால் தட்டம் போய்விடும். அந்தப் பழக்கம் அவளுக்கு வாழ்க்கைக்கும் வந்துவிட்டது. தம்பிமார் இரண்டு பேரை இங்கே கூப்பிட்டு ஆளாக்கினாள். சம்பந்தங்கள் வந்தன, வந்தவர்கள் வயதைக் கேட்டார்கள், போனார்கள். ஒருவருக்காகவும் தான் காத்திருக்கவில்லை, வேலை செய்துகொண்டிருந்தேன் என்பாள். பொய்யில்லை.

இந்த இரண்டு பேரும் சந்தித்தது பேர்ண் கோயில் மடைப்பள்ளியில். சிவநேசன் ஓய்வு பெற்றதும் ஹோட்டல் அறையைக் காலி பண்ண வேண்டி வந்தது. பழைய சிநேகிதர் மகேந்திரன் வீட்டில் ஒரு சின்ன அறையில் வந்து ஒதுங்கினார். சனிக்கிழமைகளில் அன்னதானச் சமையலுக்குப் போனார். முதல் நாளே பூசணிக்காயை ஹோட்டல் சலாட்டுக்கு வெட்டுகிற மாதிரிக் குறுணியாக வெட்டி, தில்லைநாயகியிடம் நல்ல ஏச்சு வாங்கினார். ஆனால் சமையல் முடிந்த பிறகு, முந்நூறு பேருக்குச் சோறு வடித்த அண்டாவுக்குள் தலையை விட்டு, அடிப்பிடித்ததை அவரே சுரண்டிக் கழுவினார். ஒருவரும் கேட்காமலே. அதைத்தான் அவள் பார்த்தாள். சமைக்கிற ஆம்பிளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், கழுவுகிற ஆம்பிளையை அன்றைக்குத்தான் கண்டேன் என்று மகேந்திரனின் மனைவி இந்திராவிடம் சொன்னாள்.

ஆறு மாதம் பார்த்துவிட்டு அவளே கேட்டாள். "நீங்களும் தனிய, நானும் தனிய. எனக்கு ஒரு நினைப்பு இருக்கு. உங்களுக்குப் பிடிக்காட்டி இப்பவே சொல்லுங்கோ." சிவநேசன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவள் வசனத்தை முடிக்கவும் அவர் ஓம் சொல்லவும் சரியாக இருந்தது.

கலியாணத்தன்று மாப்பிள்ளைக்கு அறுபத்தாறு, பெண்ணுக்கு அறுபத்துமூன்று. பெண்ணைக் கையளிக்கத் தாய் தகப்பன் வேண்டும் என்று ஐயர் சொன்னதால் மகேந்திரனும் இந்திராவும் அந்த இடத்தில் நின்றார்கள். பெண்ணின் தகப்பனாக நின்றவர் பெண்ணைவிட ஆறு வயது இளையவர். வந்தவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள், வாய் நிறையக் கதைத்தார்கள். படுக்க இடமில்லாமல் போன மனிதர் வீட்டைப் பார்த்துத்தான் அவளைக் கட்டியிருக்கிறார் என்று ஒருத்தி சொன்னது தில்லைநாயகியின் காதிலும் விழுந்தது. அவள் அதைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். இன்றைக்கு, மீன்குழம்புச் சட்டிக்கு முன்னால் இருந்தபோது, அது திரும்பி வந்து நெஞ்சில் குத்தியது. ஹோட்டலுக்கு ஓம் சொன்ன அதே வாயால்தான் தனக்கும் ஓம் சொன்னாரோ? யோசிக்காமல், அடுத்த பெயருக்குப் போய்விடுவாள் என்ற பயத்தில்?

பின்னேரம் சிவநேசன் வந்து, ஹோட்டலுக்குப் போன் எடுத்து, வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன் என்றார். முகம் தொங்கிப்போயிருந்தது. அதையும் அவள் ஒப்பவில்லை.

"சீசன் துவங்க எட்டு நாள் கிடக்கு. ஒரு குசினிக்குச் சொன்ன சொல்லை இப்ப மாத்தினா அவையள் எங்கை போவினம்? ஒரு ஆள் வராட்டி மற்ற ஆக்கள் படுற பாடு எனக்குத் தெரியும்."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறீர்?"

"எனக்கும் தெரியேல்லை. யோசிக்க விடுங்கோ."

இந்திராவுக்கு யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை. மனிசன் போய் உழைச்சுப்போட்டு வரட்டுமே அக்கா, ஐஞ்சு மாதம் நிம்மதியாக் காலை நீட்டிப் படுக்கலாம், என்ரை ஆளையும் ஒருத்தரும் கூப்பிடுகினம் இல்லையே என்று தொலைபேசியில் சிரித்தாள். தில்லைநாயகியும் சிரித்தாள். வைத்த பிறகுதான் அவளுக்குப் பயம் பிடித்தது. இந்திரா சொன்னது அவ்வளவும் சரி. அவர் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தாள்: ஒருவருடைய சாப்பாடு, விருப்பமான நேரத்தில் நித்திரை, ரிமோட் தன் கையில். கஷ்டமாக இருக்கவில்லை. அறுபத்துமூன்று வருடம் அப்படித்தானே இருந்தாள். அவருக்கும் அங்கே கஷ்டமாக இராது. அவர் போனால் அழுவேனே என்று அவள் பயப்படவில்லை. அழமாட்டேனே என்றுதான் பயந்தாள். இரண்டு பேரும் தனியாக இருந்து தேறினவர்கள். ஐந்து மாதம் விட்டால் இரண்டு பேருக்கும் பழையது பழகிவிடும், ஈஸ்டருக்கு அந்தச் சூட்கேஸோடு வருகிறவர் ஒரு விருந்தாளியாகத்தான் வருவார். இரண்டரை வருடக் கலியாணம் இன்னும் காயாத சீமெந்து. அதில் நடந்து பார்க்கக் கூடாது.

மறுநாள் காலையில் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "வாற வெள்ளி நானும் வாறன். நீங்கள் இருந்த இடத்தை ஒருக்கால் பாக்க வேணும்."

"அங்கை பாக்க என்ன கிடக்கு?" என்றார் அவர்.

"அதைப் பாத்துப்போட்டுச் சொல்லுறன்."

அடுத்த வெள்ளிக்கிழமை மூடுபனிக்குள்ளேயே ரயில் ஏறினார்கள். சூரிச்சில் ஒரு மாற்றம், கூர் நகரில் இன்னொன்று. அங்கிருந்து சிவப்பு நிற மலை ரயில். தில்லைநாயகி பிட்டும் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். குழம்பு வாசம் பெட்டி முழுக்கப் பரவ, எதிரில் இருந்த வெள்ளைக்காரச் சோடி அடிக்கடி திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று இரண்டு பேரும் வடிவாகச் சாப்பிட்டார்கள். ரயில் வளைந்து வளைந்து ஏறியது. பாலங்களைத் தாண்டியது, சுரங்கங்களுக்குள் புகுந்தது. நீளமான ஒரு சுரங்கத்தைக் கடந்து வெளியே வந்தபோது மூடுபனியைக் காணவில்லை. வானம் நல்ல நீலம், மலையெல்லாம் பனி, கண் கூசுகிற வெயில். இத்தனை நாளும் சூரியன் இங்கேயா ஒளித்திருந்தது என்று அவளுக்குத் தோன்றியது. சிவநேசன் சன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் ரயில்காரன் சொல்ல முன்னம் தான் சொன்னார். பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார். அதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

வேலைக்காரர் விடுதி ஹோட்டலுக்குப் பின்னால். நாலாம் மாடி. அவருடைய பழைய அறையையே ஒதுக்கியிருந்தார்கள். கதவைத் திறந்ததும் சிவநேசன் பார்க்காமலே கையை நீட்டி விளக்கைப் போட்டார், பார்க்காமலே கொக்கியில் ஜாக்கெட்டைக் கொழுவினார். ஒரு ஆள் படுக்கிற கட்டில். ஒரு கதிரை. கை கழுவுகிற தொட்டி, அதற்கு மேலே ஒரு தட்டு. சன்னலால் பார்த்தால் கீழே குப்பைத் தொட்டிகள் வரிசையாக நிற்கும் முற்றம். அந்தப் பேரழகு மலைகளெல்லாம் காசு கொடுக்கிறவர்களின் பக்கம்.

தில்லைநாயகி கட்டிலில் இருந்தாள். பேர்ண் வீட்டில் அலுமாரி நிறைய இடம் இருக்க, தன் உடுப்பு அவ்வளவையும் ஒரே தட்டில் நெருக்கி வைப்பாரே, ஏன் என்று பலமுறை ஏசியிருக்கிறாள். இப்போது விளங்கியது. முப்பத்துநான்கு வருடம் இந்த அளவுக்குள் மடங்கி இருந்த மனிதர். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

"இதுக்குள்ளை எப்பிடி இருந்தனீங்கள்?"

"வேலை முடிஞ்சு வந்தா நித்திரைதானே," என்றார். "சுடு தண்ணி எந்த நேரமும் வரும்."

குசினி, ஹோட்டலின் சமையற்கட்டு, அடித்தளத்தில். கதவைத் தள்ளியதும் வெங்காயமும் வெண்ணெயும் பொரிகிற மணம் முகத்தில் அடித்தது. தலைமைச் சமையல்காரி ஊர்சினா, நாற்பது வயதுக்காரி, ஆறடி உயரம், அடுப்பை விட்டு ஓடிவந்து சிவநேசனைக் கட்டிப்பிடித்தாள். பாத்திரம் கழுவுகிற போர்த்துக்கீசர் சோப்பு நுரையோடு கையை நீட்டினார். ஆளுக்கு ஆள் "சிவா, சிவா" என்று கூப்பிட்டார்கள். சிவநேசனின் கை தானாகவே மேசையில் கிடந்த வெட்டுப் பலகையை நேராக்கி வைத்தது. அப்போதுதான் ஊர்சினா தில்லைநாயகியைக் கண்டாள்.

"உன் சகோதரியா?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

குசினியில் ஒருவருக்கும் தெரியாது. அவர் ஹோட்டலை விட்டுப்போன பிறகு நடந்த கலியாணம். அதற்குப் பிறகு புதுவருட வாழ்த்துக்கு இரண்டு தடவை அழைத்திருக்கிறார்கள், போன கிழமையும் கதைத்தார். கலியாணத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. தில்லைநாயகி அவரைப் பார்த்தாள். வெட்கத்தில் காது சிவந்து நின்றார். பெல்ட்டில் ஒரு தட்டம் வந்து கடந்துபோகிற நேரம் அப்படியே நின்றார். இப்போது சொல்லாவிட்டால் இனி இந்த மனிதர் எப்போதுமே சொல்லப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் உதவிக்குப் போகவில்லை.

"இல்லை," என்றார். "என் மனைவி."

போர்த்துக்கீசர் அகப்பையால் சட்டியைத் தட்டினார். எப்போது, எங்கே, ஏன் சொல்லவில்லை என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். ஒருவரும் கேட்கவில்லையே என்றார் சிவநேசன். ஊர்சினா தில்லைநாயகியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிவிட்டு, சுவர்த் தட்டிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, மாவைத் துடைத்த இடத்தில் வைத்தாள். ஒப்பந்தம். ஈஸ்டர் வரைக்கும். கையெழுத்து வைத்தால் நாளைக்கே தொடங்கலாம், பேனா இந்தா என்றாள்.

சிவநேசன் பேனாவை வாங்கினார். காகிதத்துக்கு மேலே குனிந்தார். பிறகு நிமிர்ந்தார். அந்தக் குசினியில் தன்னிடம் கேட்டதற்கு அவர் உடனே ஓம் சொல்லாமல் நின்றதை ஒருவரும் பார்த்ததில்லை. எல்லாரும் கையில் இருந்ததை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

"தில்லை," என்றார் தமிழில், "உம்மைக் கேக்காமல் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். அது என்ரை பிழை. இப்ப கேக்கிறன். நீர் வேண்டாம் எண்டு சொன்னா நான் உம்மோடை அடுத்த ரயிலிலை வாறன்."

"உங்களுக்கு என்ன விருப்பம்?"

"எனக்கு வேலை செய்ய விருப்பம்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா அந்த அறையிலை கன நாள் இருக்க எனக்கு இனி ஏலாது. கட்டில்லை நீர் இருந்ததைப் பாத்தாப் பிறகுதான் தெரிஞ்சுது."

அவர் முகத்தில் பயம் இருந்தது. வெங்காயம் உரித்த அன்றைக்கு இந்தப் பயம் இருக்கவில்லை. பதில் என்னவாக வருமோ என்று காத்திருக்கிற முகம். தில்லைநாயகிக்கு உடம்பெல்லாம் லேசானது. சரி, இனிப் பேசலாம்.

அவள் ஊர்சினாவிடம் திரும்பி, ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் படித்த பேர்ண் பாஷையில் தெளிவாகச் சொன்னாள். ஜனவரி பத்தாம் திகதி வரைக்கும். நத்தார்ப் பண்டிகையும் புதுவருடமும் தாண்டிவிடும், அதற்குள் வேறு ஆளைப் பார்க்க வேண்டும். கிழமையில் இரண்டு விடுமுறை நாளும் சேர்ந்தாற்போல் வர வேண்டும், அவர் வீட்டுக்கு வருவார். ஊர்சினா பெப்ரவரி வரைக்குமாவது என்று கேட்டாள், பெப்ரவரியில்தான் கூட்டம் என்றாள். தானும் முப்பத்தொரு வருடம் குசினியில் நின்றவள், ஆறு கிழமையில் ஆள் பிடிக்க முடியாத குசினியைத் தான் கண்டதில்லை என்றாள் தில்லைநாயகி. ஊர்சினா அவளை மேலும் கீழும் பார்த்தாள். உங்களுக்கு வேலை வேண்டாமா என்று கேட்டாள். வேண்டாம், செய்து முடித்துவிட்டேன் என்றாள் இவள். உயரக்காரி வாய்விட்டுச் சிரித்து, ஈஸ்டர் என்று இருந்ததை வெட்டி, பத்தாம் திகதியை எழுதினாள். சிவநேசன் அதற்குக் கீழே கையெழுத்து வைத்தார்.

இரண்டரை மணி ரயிலுக்கு அவர் ஸ்டேஷன்வரை வந்தார். குளிர் மூக்கைக் கடித்தது. மருந்தை மறக்க வேண்டாம், புதன்கிழமை வரும்போது அழுக்கு உடுப்பைக் கொண்டு வாருங்கோ, வியாழன் தோய்க்கலாம் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். எல்லாத்துக்கும் ஓம், ஓம் என்றார். ரயில் வந்ததும் அவள் கையைப் பிடித்தார். ஸ்டேஷனில், பலர் பார்க்க, யாழ்ப்பாணத்து மனிதர். பிறகு விட்டுவிட்டுத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார்.

ரயில் முதல் வளைவு திரும்பும்வரை தில்லைநாயகி நன்றாகத்தான் இருந்தாள். சாப்பாட்டுப் பையை மடிமேல் வைத்தாள். பக்கத்து இருக்கையில் ஒருவரும் இல்லை. காலை நீட்டலாம், வசதிதான். நீட்டவில்லை. கண்ணாடியில் தன் முகம் நனைந்திருப்பதைக் கண்ட பிறகுதான் தான் அழுவது அவளுக்குத் தெரிந்தது. கைலேஞ்சியைத் தேடினாள். வந்துகொண்டேயிருந்தது. நீளமான சுரங்கத்துக்குள் ரயில் புகுந்தது, அங்கேயும் நிற்கவில்லை.

எதிர்ப்பக்கத்து வயதான பெண் எட்டித் தாளொன்றை நீட்டி, ஏதாவது பிரச்சினையா, உதவி வேண்டுமா என்று கேட்டாள்.

"இல்லை, ஒன்றுமில்லை," என்றாள் தில்லைநாயகி மூக்கைத் துடைத்தபடி. "என் கணவர் வேலைக்குப் போயிருக்கிறார்."

அறுபத்தைந்து வயதில் அந்த வசனத்தை அவள் முதல் தடவையாகச் சொன்னாள். சொன்ன பிறகு, ஒரு வெட்கமும் இல்லாமல், கூர் வரும்வரை இருந்து அழுதாள்.